வெளியே நிற்க வேண்டியவர்

இணைச்சட்ட நூலின் 24-ஆம் பிரிவில், நாம் பெரும்பாலும் வாசித்துவிட்டுக் கடந்து செல்லும் சிறு விதி ஒன்று உண்டு. பிறருக்குக் கடன் கொடுப்பவர், அடகுப் பொருளை வாங்குவதற்காகக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையலாகாது. அவர் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். கடன் பெறுகிறவரே அடகை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும் என்பது அந்த விதி. குருமட நாட்களில் எங்களுக்கு இப்பகுதியை விளக்கிய பேராசிரியர், அதை அடுத்து வரும் ஏழையின் மேலாடை பற்றிய கட்டளைக்கே அதிக நேரம் ஒதுக்கினார். அடகாக வாங்கிய போர்வையைக் கதிரவன் மறையும் வேளையில் திருப்பித் தர வேண்டும் என்பது நெஞ்சைத் தொடும் கட்டளைதான். ஆயினும் இன்றைய நிலையில் எனக்கு அதனினும் கூர்மையாகப் படுவது முந்தைய விதியே. கடன் கொடுப்பவரின் இடம் வாசலுக்கு வெளியே. வீடு கடனாளியினுடையது. அங்கே எதைக் காட்டுவது, எதை மறைப்பது, எதை எடுத்துக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை, அவர் எவ்வளவு ஏழையானாலும், அவருக்கே உரியது.

இந்த ஒரு விதியை அளவுகோலாகக் கையில் எடுத்துக்கொண்டு, இன்று வீடுதோறும் நடக்கும் ஒரு காரியத்தை அளந்து பார்க்க விரும்புகிறேன். கேட்காத ஒருவரிடம் கடன் அட்டையைக் கொண்டுவந்து நீட்டும் வழக்கத்தைச் சொல்கிறேன். இதைச் சில்லறைத் தொந்தரவு என்று எண்ணுவோர் பலர். கொசுக்கடி போன்றது, தட்டிவிட்டால் போயிற்று என்பார்கள். அவர்களோடு நான் முரண்படுகிறேன். கடன் என்னும் உறவின் ஒழுங்கையே தலைகீழாக்கும் அநீதி இது. நாட்டின் சட்டம் இதைப் பாதியளவே தடுத்திருக்கிறது. நம் மறையுரை மேடைகளிலோ இதைப் பற்றிய பேச்சே எழுவதில்லை.

அழைப்பு எந்நேரமும் வருகிறது. சாவு வீட்டில் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது வருகிறது. மருத்துவமனையில் அறுவை அறையின் வாசலில் காத்திருப்பவருக்கு வருகிறது. புதுவீட்டு மந்திரிப்புக்கு உறவினர் கூடியிருக்கையில் வருகிறது. எடுத்தால், "வணக்கம் சார், உங்கள் பெயரில் மூன்று இலட்சம் ரூபாய் வரம்புள்ள கடன் அட்டை ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டுள்ளது" என்று ஓர் இனிய குரல் தொடங்குகிறது. அந்தச் சொற்களைச் சற்று நிறுத்திப் பாருங்கள். அனுமதி என்பது விண்ணப்பித்தவருக்குக் கிடைப்பது. இங்கே விண்ணப்பம் எங்கே? யார் எழுதினார்? எவரும் எழுதாத விண்ணப்பத்துக்கு முன்கூட்டியே அனுமதி வந்துவிட்டதாம். "நீங்கள் தகுதி பெற்றிருக்கிறீர்கள்" என்பது அடுத்த வாக்கியம். ஆயுள் முழுவதும் எந்த அலுவலகத்திலும் எவராலும் தகுதியுடையவர் என்று அழைக்கப்பட்டிராத ஓர் எழுத்தருக்கு, ஒரு செவிலியருக்கு, ஒரு தையற்காரருக்கு அச்சொல் எத்தனை இனிமையாக ஒலிக்கும்! கடன்படுவதற்கான தகுதி அது என்பது அந்த நேரத்தில் செவியில் விழுவதில்லை. "வாழ்நாள் முழுவதும் இலவசம்" என்பார்கள். இலவசம் ஆண்டுக் கட்டணம் மட்டுமே. "இன்று மாலையோடு சலுகை முடிகிறது" என்பார்கள். மறுநாள் காலையில் அதே சலுகை வேறொரு குரலில் வரும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் பெயரும் வருமானமும் அவர்களுக்கு எப்படித் தெரிந்தன? நம் சேமிப்புக் கணக்கில் மாதந்தோறும் என்ன வருகிறது, என்ன போகிறது என்பதை வங்கி அறியும். நாம் முன்பு வாங்கிய கடன்களையும் கட்டிய தவணைகளையும் தொகுத்து வைப்பதற்கென்றே, 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் கடன் தகவல் நிறுவனங்கள் நம் நாட்டில் நான்கு உள்ளன. ஆக, அழைப்பு வருவதற்கு முன்பே கடன் கொடுப்பவர் வீட்டுக்குள் நுழைந்து, அலமாரியைத் திறந்து, பாத்திரங்களை எண்ணி, இன்னின்ன தேறும் என்று குறித்துக்கொண்டு போய்விட்டார். பிறகுதான் வாசலில் வந்து நின்று வணக்கம் சொல்கிறார். மோசேயின் சட்டம் தடுத்தது இதைத்தான்.

அட்டையை வாங்கியவருக்கு என்ன நேர்கிறது என்பதற்குக் கணக்கு ஒன்று போதும். குறித்த நாளில் முழுத் தொகையையும் கட்டிவிடுபவருக்கு வட்டி இல்லை. அவரைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. கட்ட இயலாதவருக்கென்று "குறைந்தபட்சத் தொகை" என்ற ஒன்றைப் பில்லிலேயே அச்சிட்டுத் தருகிறார்கள். பாக்கி 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி மூன்றரை விழுக்காடு என்றால் 1,750 ரூபாய். அந்த வட்டியின் மேல் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு, அதாவது 315 ரூபாய். குறைந்தபட்சத் தொகை ஐந்து விழுக்காடு என்றால் அவர் கட்டுவது 2,500 ரூபாய். அதில் 2,065 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விட, அசலில் குறைவது 435 ரூபாய் மட்டுமே. போதாதற்கு, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் என்ற சலுகையும் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் மாதங்கள், ஆண்டுகள் என நீளும் என்ற எச்சரிக்கையைப் பில்லில் அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே விதித்திருக்கிறது. அச்சிடுகிறார்கள். அழைக்கும் குரல் மட்டும் அதைச் சொல்வதில்லை.

மாதம் மூன்றரை என்பது ஆண்டுக்கு 42 விழுக்காடு. ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் கடன் அட்டைக்கு வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. வட்டி விகிதத்தைக் கண்காணிப்பது ரிசர்வ் வங்கியின் பொறுப்பு என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. சட்ட நுணுக்கத்தில் அது சரியாக இருக்கலாம். எனினும் நம் தமிழ்நாட்டில் 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தபோது, மீட்டர் வட்டி, தண்டல், நாள் வட்டி என்றெல்லாம் பெயர் சொல்லிக் குற்றமாக்கினோம். சந்தைக்கடையில் பணம் கொடுக்கும் அந்த மனிதரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் அவரிடம் நாம்தான் தேடிப் போனோம்.

அந்தத் தேடிப் போதலில்தான் என் வாதத்தின் வேர் இருக்கிறது. லூக்கா நற்செய்தியின் 11-ஆம் பிரிவில் ஆண்டவர் சொன்ன உவமை நினைவிருக்கும். நள்ளிரவில் விருந்தினர் வந்துவிட, வீட்டில் ஒன்றுமில்லாத ஒருவர் நண்பரின் கதவைத் தட்டி மூன்று அப்பங்களைக் கடனாகக் கேட்கிறார். உள்ளே இருப்பவர் எழுந்திருக்கத் தயங்குகிறார். தேவை உள்ளவர் தட்டுகிறார், இருப்பவர் திறக்கிறார் என்பதே அங்குள்ள ஒழுங்கு. கேட்பதற்கு முன் அந்த மனிதர் தம் வீட்டுக்குள் நின்று எத்தனை கணக்குப் போட்டிருப்பார்! கேட்காமலே சமாளிக்க முடியுமா, யாரிடம் கேட்கலாம், எவ்வளவு கேட்கலாம், எப்போது திருப்பித் தரலாம்? நான்கு என்று கேட்கவில்லை. மூன்று என்று எண்ணிக் கேட்கிறார். கடன் கேட்பதற்கு முன் மனிதர் படும் வெட்கம் வீணான உணர்ச்சி என்று நான் நினைக்கவில்லை. அது ஒரு காவல். வாசற்படியைத் தாண்டுமுன் அவரை ஒருமுறை நிறுத்தி, "இது தேவைதானா?" என்று கேட்கிறது. இப்போதோ அப்பம் வைத்திருப்பவர் நள்ளிரவில் நம் கதவைத் தட்டுகிறார். முந்நூறு அப்பங்களைத் திணிக்கிறார். நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கை அவரே போட்டு முடித்துவிட்டார். அந்த இரவின் வெட்கமும் இல்லை, தயக்கமும் இல்லை. தானாகவே முன்வந்து, எல்லாவற்றையும் தருகிறேன் என்று ஒருவன் நீட்டிய கதை மத்தேயு நற்செய்தியின் நான்காம் பிரிவிலும் இருக்கிறது. அது பாலைநிலத்தில் நாற்பது நாள் பசித்திருந்தவரிடம் நடந்தது. நேரம் பார்த்துத்தான் வந்தான்.

"வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே, யார் கட்டாயப்படுத்தினார்கள்?" என்று கேட்போர் உண்டு. படித்தவர்களும் நல்ல சம்பளக்காரர்களுமே இதை அதிகம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு குடும்பத்தின் வரலாறு இருக்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. பெயர் சொல்லாமல் எழுதுங்கள் சாமி, நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று அவரே என் அறையில் அமர்ந்து சொன்னது. அரசு அலுவலகம் ஒன்றில் கீழ்நிலைப் பணியாளர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஏழெட்டு முறை அழைப்பு வந்தபோது வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார். மகளுக்குத் திருமண ஓலை வாசித்த வாரத்தில் ஒன்பதாம் முறையாக அழைப்பு வந்தது. அன்று சரி என்றார். ஜவுளிக்கடையில் முதன்முதலாக அட்டையைத் தேய்த்தார். ஆறு மாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டினார். பாக்கி குறையாததைக் கண்டு கலங்கி நிற்கையில் இன்னொரு வங்கியிலிருந்து, இந்தப் பாக்கியை எங்கள் அட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், வட்டி குறைவு என்று அழைப்பு. பிறகு மூன்றாவது அட்டை. நான்கு ஆண்டுகள் மனைவிக்குத் தெரியாமல் மறைத்து வாழ்ந்தார். தொலைபேசி ஒலித்தால் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவாராம். அவருக்கு வேறு தொடர்பு இருக்கிறது என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டு என்னிடம் அழுதிருக்கிறார். கடைசியில் தந்தை வழி வந்த சிறு மனையை விற்றுத் தீர்த்தார்கள்.

எட்டு முறை மறுத்தவர் அவர். ஒன்பதாம் முறை எந்த நாளில் வரும் என்பது அவர் கையில் இல்லை. மறுப்பை நூறு முறை சொல்ல வேண்டும், ஒப்புதலை ஒருமுறை சொன்னால் போதும் என்ற ஆட்டத்தில் யார் வெல்வார் என்பதற்குக் கணக்குப் பேராசிரியர் தேவையில்லை. "கட்டாயப்படுத்தவில்லையே" என்னும் வாதத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இதுவே.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? 1958 செப்டம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஃபிரெஸ்னோ என்ற நகரில் தொடங்கியது. பாங்க் ஆஃப் அமெரிக்கா அந்நகரவாசிகளுக்கு அறுபதாயிரம் கடன் அட்டைகளை அஞ்சலில் அனுப்பிவைத்தது. எவரும் கேட்கவில்லை. உறையைத் திறந்தால் அட்டை. அதில் தம் பெயர். நூற்றுக்கு நான்கு பேர் கட்டத் தவறுவார்கள் என்று எதிர்பார்த்த வங்கி, நூற்றுக்கு இருபத்திரண்டு பேர் தவறியதைக் கண்டது. பாடம் கற்றார்கள் என்றா நினைக்கிறீர்கள்? மற்ற வங்கிகளும் அதே வழியில் இறங்கின. 1966-இல் சிகாகோ நகர வங்கிகள் கிறிஸ்துமஸ் விற்பனையைக் குறிவைத்து அனுப்பிய அட்டைகள் குழந்தைகளுக்கும் இறந்தவர்களுக்கும்கூடப் போய்ச் சேர்ந்தன. அஞ்சலில் அட்டைகளைத் திருடுவது ஒரு தொழிலாயிற்று. 1970-இல் அமெரிக்க நாடாளுமன்றம், கேட்காதவருக்கு அட்டை அனுப்பலாகாது என்று சட்டம் செய்தது. அதற்குள் சுமார் பத்துக் கோடி அட்டைகள் அந்நாட்டில் வீசப்பட்டிருந்தன.

அங்கேதான் ஒரு சூழ்ச்சி நிகழ்ந்தது. அட்டையை அனுப்பக் கூடாது என்றது சட்டம். அட்டை வேண்டுமா என்று கேட்டு அனுப்புவதை அது தடுக்கவில்லை. எனவே அட்டை இருந்த உறையில் அழைப்புக் கடிதம் இடம்பெற்றது. 1996-இல் செய்த திருத்தம், கடன் தகவல் நிறுவனங்களின் பட்டியலைப் பார்த்து அத்தகைய கடிதம் அனுப்புவதற்குத் தெளிவாகவே இடம் கொடுத்தது. வேண்டாதவர் தொலைபேசியில் சொன்னால் இரண்டாண்டுக்கும், கையொப்பமிட்டு எழுதிக் கொடுத்தால் நிரந்தரமாகவும் தம் பெயரை நீக்கிக்கொள்ளலாம் என்றது. கேட்காத குடிமகன் மனு எழுதி அமைதியை வாங்கிக்கொள்ள வேண்டும்! நம் நாட்டு ஏற்பாடும் இதே தடத்தில்தான் போயிருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: ரிசர்வ் வங்கி தன் பங்குக்குக் கடுமையாகவே விதித்திருக்கிறது. 2022 ஏப்ரலில் வெளியிட்டு, அவ்வாண்டு ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நெறிமுறைகளில், கேட்காதவருக்குக் கடன் அட்டை வழங்குவதையும், இருக்கும் அட்டையைக் கேட்காமல் உயர்த்துவதையும் அது தடைசெய்தது. அப்படி வழங்கி, இயக்கிவைத்து, பில்லும் அனுப்பினால், வங்கி அத்தொகையைத் திரும்பப் பெறுவதோடு அதைப் போல் இருமடங்கு அபராதமாக அந்த மனிதருக்கே கொடுக்க வேண்டும். அட்டை கைக்கு வருமுன் வழியில் யாரேனும் களவாடிப் பயன்படுத்தினால் நட்டம் வங்கியைச் சேரும். வாங்கிய அட்டையை முப்பது நாட்களுக்குமேல் இயக்காமல் வைத்திருந்தால், வங்கி ஓ.டி.பி. வழியாக ஒப்புதல் கேட்க வேண்டும். ஒப்புதல் வராவிட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் கட்டணமின்றிக் கணக்கை முடிக்க வேண்டும். முகவர்கள் காலை பத்து மணிக்கு முன்போ மாலை ஏழு மணிக்குப் பின்போ தொடர்புகொள்ளக் கூடாது. இவையெல்லாம் நம்மில் பலருக்குத் தெரியாது.

அந்த நெறிமுறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒப்புதல் வெளிப்படையாக இருக்க வேண்டும், ஊகித்துக்கொள்வதாக இருக்கக் கூடாது என்ற வரையறை. மௌனம் சம்மதம் என்று நாம் பழமொழியாகச் சொல்வது திருச்சபைச் சட்டத்திலும் உண்டு. திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் 1298-இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பின் இறுதியில் உள்ள 88 சட்ட விதிகளில் 43-ஆவது அதுதான். பலரும் அதோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த 44-ஆவது விதியையும் படிக்க வேண்டும்: பேசாதிருப்பவர் ஒப்புக்கொண்டவர் ஆகார், மறுத்தவரும் ஆகார் என்ற பொருளில் அது அமைந்திருக்கிறது. மேலும், எது மிகப் பெரிதோ அதில் திருச்சபை மௌனத்தை ஏற்பதில்லை. திருமணத்தில் மணமகள் வெட்கத்தால் தலைகுனிந்து நின்றாலும், உற்றார் அனைவரும் தலையசைத்தாலும், அவள் வாய்ச்சொல்லைக் கேட்காமல் எந்தக் குருவானவரும் மேலே போவதில்லை. ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் கட்டிப்போடும் கடனுக்கு இந்த மதிப்பில் ஒரு பகுதியாவது வேண்டாமா?

குறை எங்கே என்றால், தடை அட்டையோடு நின்றுவிட்டது. அட்டை வேண்டுமா என்று நச்சரிக்கும் அழைப்பு வேறொரு துறையின் பொறுப்பாகிவிட்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய், 2007-இல் அழைக்க வேண்டாதோர் பதிவேட்டைத் தொடங்கியது. 2011 செப்டம்பர் 27 முதல் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. 2018-இல் மீண்டும் மாற்றியது. 2025 பிப்ரவரியில் மேலும் திருத்தியது. இத்தனை முறை திருத்த நேர்ந்ததே, பூட்டைவிடத் திருடர் கெட்டிக்காரர் என்பதற்குச் சான்று. விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்களை ஒதுக்கினார்கள். நமக்கு வருவதோ சாதாரணப் பத்திலக்க எண்களிலிருந்து. பதிவு செய்த நிறுவனம் விதிக்கு அடங்கும். கமிஷனுக்கு ஓடும் துணை முகவரின் துணை முகவர் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. வங்கியைக் கேட்டால், அவர் எங்கள் ஆள் இல்லை என்கிறது. அவர் சேர்த்துக் கொடுத்த வாடிக்கையாளர் மட்டும் வங்கியின் ஆள்! இலாபத்தை ஏற்றுக்கொண்டு அதைத் தேடித்தந்த கையை அறியேன் என்பது மன்னன் பிலாத்து கைகழுவியதைப் போன்றது என்று எழுத நினைத்தேன். பிலாத்து மன்னனல்ல, ஆளுநர் என்று நம் மறைக்கல்வி ஆசிரியர்கள் திருத்துவார்கள். இருக்கட்டும், கைகழுவியது உண்மை.

2023-இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் விவரங்களைப் பயன்படுத்த அவரது தெளிவான ஒப்புதல் வேண்டும், கொடுத்த ஒப்புதலைக் கொடுத்தபோது இருந்த எளிமையோடு திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி அமைக்கப்பட்டுள்ளன. நல்லதே. ஆனால் சேமிப்புக் கணக்குத் தொடங்கும்போது நீட்டப்படும் இருபது பக்கப் படிவத்தில், பொடியெழுத்தில், எங்கள் பிற சேவைகளைப் பற்றித் தெரிவிக்கச் சம்மதம் என்ற கட்டத்தில் ஏற்கெனவே ஒரு குறி இருக்குமானால், அதையும் தெளிவான ஒப்புதல் என்றுதான் வாதிடுவார்கள். ஆகவே என் கோரிக்கை எளியது. கடன் அட்டை வேண்டுவோர் கேட்கட்டும். கேட்பவருக்கு மட்டுமே வங்கி பேசட்டும். வேண்டாதோர் பதிவேடு என்பதை மாற்றி, வேண்டுவோர் பதிவேடு என்று வையுங்கள். பூட்டிய கதவு இயல்பு நிலையாகவும், திறப்பது வீட்டுக்காரரின் செயலாகவும் இருக்கட்டும். வணிகம் நசித்துவிடும் என்பார்கள். 2024-இன் தொடக்கத்திலேயே நம் நாட்டில் கடன் அட்டைகளின் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டிவிட்டது. ஈடில்லாத நுகர்வுக் கடன் மிஞ்சிப் போகிறது என்று 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கியே கவலைப்பட்டு, அவற்றுக்காக வங்கிகள் ஒதுக்க வேண்டிய மூலதனத்தை உயர்த்தியது. நசிவு எங்கே இருக்கிறது?

இவ்விடத்தில் அழைக்கும் குரல்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் நம் பிள்ளைகள். சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடிக் கட்டடங்களில் வரிசையாக அமர்ந்து, செவியில் கருவியை மாட்டிக்கொண்டு, நாளெல்லாம் அழைப்பவர்களில் நம் பங்குகளிலிருந்து போன பெண்பிள்ளைகளும் உண்டு. விடுமுறைக்கு வந்த ஒரு பிள்ளையிடம் கேட்டேன். ஒரு நாளில் எத்தனை பேர் திட்டுவார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன் பாதர் என்றாள். மாத இலக்கு எட்டாவிட்டால் ஊக்கத்தொகை இல்லை. தொடர்ந்து எட்டாவிட்டால் வேலை இல்லை. அவளுடைய சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறான். அவளைத் திட்டிவிட்டுத் தொலைபேசியை வைப்பவர் தம் கோபத்தைத் தவறான முகவரிக்கு அனுப்புகிறார். ஏழையின் மகளைக் கொண்டே இன்னொரு ஏழையின் கதவைத் தட்டச் செய்கிற அந்த ஏற்பாட்டின் மேலாளர் ஒருநாளும் அந்த வசவைக் கேட்பதில்லை.

நம் திருச்சபை இதில் பேச வேண்டியதற்குக் காரணம் உண்டு. நமக்கு இதில் மரபும் உண்டு. வட்டி வாங்குவதைத் திருச்சபை முன்பு தடுத்தது, பிறகு விட்டுவிட்டது என்று ஏளனம் செய்வோர், நடுவில் நடந்ததைப் படிப்பதில்லை. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பிரான்சிஸ்கன் துறவிகள் வட்டிக்காரர்களிடமிருந்து எளியவரை மீட்க அடகு நிதியங்களைத் தொடங்கினார்கள். பெருஜியா நகரில் 1462-இல் எழுந்தது அவற்றில் முந்தியது. செலவுக்கான சிறு கட்டணம் வாங்கலாமா என்ற பெரிய சண்டைக்குப் பின், 1515-இல் ஐந்தாம் இலாத்தரன் சங்கம் அவற்றை ஏற்றுக்கொண்டது. நிதியத்தின் வாசலுக்குத் தேவையுள்ளவர் வந்தார். நிதியம் எவர் வாசலுக்கும் போகவில்லை. நம் நாட்டிலேயே, இராஞ்சியில், 1909-இல் இயேசு சபைக் குரு ஹாஃப்மன் அடிகளார் சோட்டாநாக்பூர் கத்தோலிக்கக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வட்டிக்காரர்களிடம் நிலத்தை இழந்துகொண்டிருந்த ஆதிவாசி மக்களின் காசைக் கொண்டே அவர்களுக்குக் கடன் கொடுத்த சங்கம் அது. கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஊர்க்காரர். எதற்கு என்று கேட்பார்கள். போதும் என்றும் சொல்வார்கள். கடனே பாவம் என்று திருச்சபை சொன்னதில்லை. சீராக்கின் நூல் 29-ஆம் பிரிவில், தேவையில் இருக்கும் அடுத்திருப்பவருக்குக் கடன் கொடுப்பதை இரக்கச் செயலாகவே போற்றுகிறது. தேவையில் என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

இன்றோ என்ன செய்கிறோம்? மதுவைப் பற்றிப் பேசுகிறோம், வரதட்சணையைப் பற்றிப் பேசுகிறோம், பேச வேண்டியவைதாம். பங்குத் திருவிழா நாட்களில் ஆலய வளாகத்துக்குள்ளேயே வண்ணக் குடை விரித்து, மேசை போட்டு, கைப்பையும் சாவிக்கொத்தும் இலவசமாகக் கொடுத்து, கடன் அட்டைக்குப் பெயர் எழுதும் முகவர்களுக்கு இடம் விடுகிற பங்குகள் இருக்கின்றன. விழா மலரின் பின்னட்டை விளம்பரத்துக்கான தொகை அதன் விலை. எங்கள் பங்கிலும் இடம் கேட்டு வந்தார்கள். பங்குப் பேரவை மறுத்தது. ஒரு நன்கொடை போயிற்று, சிலருக்கு வருத்தம். எந்த மேசைகளை ஆண்டவர் கவிழ்த்தார் என்பதைத் தவக்காலத்தில் மட்டும் நினைத்தால் போதாது என்று அவர்களுக்குச் சொன்னேன்.

வாசகர் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. உங்கள் கைப்பேசியிலிருந்து 1909 என்ற எண்ணை அழைத்தோ, ஸ்டார்ட் என்ற ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்து, இடம் விட்டு 0 என்று சேர்த்துக் குறுஞ்செய்தி அனுப்பியோ, எல்லா விளம்பர அழைப்புகளையும் நிறுத்தும்படி பதிவு செய்யலாம். வங்கி, காப்பீடு, கடன் அட்டை ஆகியவற்றை மட்டும் நிறுத்த விரும்பினால் முதல் பிரிவைத் தேர்ந்துகொள்ளலாம். பிறகும் அழைப்பு வந்தால், அழைத்த எண், நாள், பேசிய பொருள் ஆகியவற்றைக் குறித்து அதே 1909-க்கு முறையிடுங்கள். 2025 திருத்தத்தின்படி அதற்கு ஏழு நாட்கள் அவகாசம் உண்டு. உங்கள் வங்கிக் கிளைக்குத் தாளில் ஒரு கடிதம் எழுதுங்கள்: என் கணக்கு விவரங்களைப் பிற சேவைகளை விற்பதற்குப் பயன்படுத்த நான் ஒப்பவில்லை, முன்பு அறியாமல் ஒப்பியிருந்தால் அதைத் திரும்பப் பெறுகிறேன். நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காமல் அட்டை வந்தால் அதை இயக்காதீர்கள், வந்த ஓ.டி.பி.யை எவரிடமும் சொல்லாதீர்கள். வெட்டிப் போட்டுவிட்டேன், தீர்ந்தது என்று இருந்துவிடாமல் கணக்கை முடிக்கும்படி எழுதுங்கள். ஏழு வேலை நாட்களுக்குள் முடிக்காவிட்டால், பாக்கி ஏதுமில்லாத நிலையில், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பதும் அந்த 2022 நெறிமுறைகளில் உள்ளதே. முப்பது நாட்களில் வங்கியிடமிருந்து பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவு தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழிமுறை கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. அங்கே முறையிடக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.